டாக் மாற்றினால் பாட்டு மாறுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு லேப்டாப். அதிலிருந்து யுஎஸ்பி வழியாக 9,000 ரூபாய் டாக் (டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான மின்னலையாக மாற்றும் பெட்டி), அங்கிருந்து ஆர்சிஏ என்ற சாதாரண ஆடியோ வயரில் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப், ஆம்பிலிருந்து ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். பாட்டு அடங்கும் இடங்களில் பின்னால் “கிர்ர்” என்று ஒரு மெல்லிய சத்தம் வருகிறது. கடையில் 45,000 ரூபாய் டாக் ஒன்றைக் கேட்டபோது “திரையை விலக்கினாற்போல” இருந்தது. அதோடு 6,000 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேபிளும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். ஒரு நண்பர், யுஎஸ்பியில் ஒலி வறண்டுபோகும், ஆப்டிகல் (வெளிச்சத்தில் தகவல் அனுப்பும் இழை) போடு என்கிறார். இன்னொருவர், எல்லாமே 0, 1 தானே, எதில் போனால் என்ன என்று சிரிக்கிறார்.

இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். அந்தக் “கிர்ர்” பிரமை இல்லை, அதைத் தீர்க்கவும் முடியும். ஆனால் அது உங்கள் டாக்கின் தரக்குறைவால் வருவதாகத் தெரியவில்லை. கடையில் ஒரு வித்தியாசம் உங்கள் காதில் விழுந்திருக்கும் என்பதையும் நம்புகிறேன். அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

கணினியும் போனும் பாட்டை எண்களாக வைத்திருக்கின்றன. ஸ்பீக்கரை ஆட்ட மின்னழுத்தம் வேண்டும். எண்ணை மின்னழுத்தமாக்குவது டாக். லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவிலுள்ள கேபிளில் ‘சிக்னல்’ என்று ஒரே ஒரு வஸ்து போவதாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. நான் அதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன்: எண், நேரம், அழுக்கு. எண் என்றால் பாட்டின் மாதிரிகள், அதாவது ஒலி அலையைக் கணத்துக்குக் கணம் அளந்து எழுதிய அளவுகள். நேரம் என்றால் ஒவ்வொரு எண்ணும் எந்தக் கணத்தில் மின்னழுத்தமாக மாற வேண்டும் என்ற தாளக்கணக்கு. அழுக்கு என்றால் எர்த் வழியாகவும் 5 வோல்ட் கம்பி வழியாகவும் ஒட்டிக்கொண்டு வரும் மின்னிரைச்சல். சிரிக்கும் நண்பர் முதலாவதை மட்டும் பார்க்கிறார். ஆப்டிகல் நண்பர் மூன்றாவதைக் காதால் உணர்ந்துவிட்டு அதற்கு வேறு பெயர் வைக்கிறார். கடைக்காரர் மூன்றையும் கலக்கி விலை போடுகிறார்.

முதலில் எண். சிடியில் இடது, வலது என்ற இரண்டில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த 44,100 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். சிடி வருவதற்கு முன் டிஜிட்டல் ஒலியைப் பதியப் பலரும் வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். வீடியோ படத்தின் ஒரு வரியில் 3 மாதிரிகள், பயன்படுத்தக்கூடிய 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்). பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 294 வரிகள், 50 புலங்கள். அங்கும் அதே 44,100. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்குச் சற்று மேல் மாதிரிகள் போதும் என்ற கணக்குக்கும் இது ஒத்துப்போனது. அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டு தடமும் சேர்ந்து நொடிக்கு 1.41 மெகாபிட். யுஎஸ்பி 2.0 தாங்குவது 480 மெகாபிட். தார்ச்சாலையில் ஒற்றை மாட்டுவண்டி போவது போல. இந்த வேலைக்குப் பிரிண்டரோடு வந்த கேபிளே போதும். அப்படியும் கேபிள் பழுதாகி எண்கள் தவறினால் என்ன கேட்கும்? “டப்”, “சடக்” என்ற வெடிப்பு, அல்லது ஒரு கணம் மௌனம். பேஸ் மட்டும் மெலிவது, வயலின் மட்டும் கரகரப்பது, பாடகர் இரண்டடி பின்னால் போய் நிற்பது, இவையெல்லாம் நடக்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கான எண்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தவற வேண்டும். எந்தக் கேபிளுக்கும் அவ்வளவு சங்கீத ஞானம் கிடையாது.

சிரிக்கும் நண்பருக்கு இங்கே ஒரு திருத்தம். “ஃபைல் காப்பி செய்யும்போது ஒரு எழுத்து மாறுகிறதா, அதுபோலத்தான் இதுவும்” என்பது சரியான ஒப்புமை அல்ல. ஃபைல் காப்பியில் ஒரு தகவல் பொட்டலம் கெட்டுப்போனால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யுஎஸ்பியில் ஒலி போகும் முறையில் திரும்பக் கேட்பது இல்லை. நேரத்துக்கு வந்ததுதான் வந்தது. அதனால் மிக நீளமான, மட்டமான கேபிளில் வெடிப்புகள் வரத்தான் செய்யும். வந்தால் 300 ரூபாய்க்கு இன்னொரு குட்டையான கேபிள் வாங்கினால் தீர்ந்தது.

எண்கள் உண்மையிலேயே மாறும் இடம் கேபிளுக்கு முன்னால், கணினிக்குள் இருக்கிறது. விண்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, நீங்கள் அமைத்து வைத்திருக்கும் ஒரே மாதிரி வேகத்துக்கு (நொடிக்கு இத்தனை மாதிரிகள்) மாற்றித்தான் வெளியே அனுப்பும். பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ். அந்த மாற்றம் மட்டும் காதில் விழுவது அபூர்வம். ஆனால் அதே இடத்தில் ‘மேம்படுத்தல்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும் சங்கதிகள் ஆபத்தானவை. ஒருமுறை இரண்டு நாள் மாலை முழுக்க ஒரு டாக்கைத் திட்டித் தீர்த்தேன். மிருதங்கத்தில் அடி விழுந்ததும் மொத்தப் பாட்டும் உள்ளே போய்த் திரும்பி வருவது போல இருந்தது. டாக்கைத் திறந்துகூடப் பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, விண்டோஸில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன், அதாவது சத்தத்தைத் தானே சமப்படுத்தும் வசதி, டிக் ஆகியிருந்தது. நான் தொட்ட ஞாபகம் இல்லை. வீட்டில் பையன் ஏதோ விளையாட்டுக்காகப் போட்டிருக்கிறான். முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். இது ஓசியில் நடக்கும் மேம்பாடு.

எண்கள் அப்படியே போகின்றனவா என்று சோதிக்க எனக்குப் பிடித்த பழைய வித்தை ஒன்று உண்டு. டிடிஎஸ் முறையில் (பல ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியைச் சுருக்கி அடைக்கும் முறை) பதிந்த சிடியின் ஒலியை வாவ் ஃபைலாக எடுத்து, டிடிஎஸ் புரியும் ரிசீவருக்கு ஆப்டிகல் வழியாக அனுப்புங்கள். வழியில் யாரும் எண்ணைத் தொடாமல் இருந்தால் ரிசீவர் அதை அடையாளம் கண்டு 5.1 இசையாக விரிக்கும். வால்யூமை ஒரு புள்ளி குறைத்தாலோ, வேகத்தை மாற்றினாலோ, வெறும் மழைச்சத்தம்தான் வரும். இந்தச் சோதனையை இரண்டு அடிக் கேபிளிலும் செய்யலாம், ஐந்து மீட்டர் கேபிளிலும் செய்யலாம். இரண்டிலும் விரிந்தால் எண்ணைப் பொறுத்தவரை இரண்டு கேபிளும் ஒன்றே.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் டாக் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது. போனுக்கு வெளி டாக் வாங்கிவிட்டுப் புளூடூத்தில் கேட்டால், அந்த டாக் மேசைமேல் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நேரம். இங்கேதான் பழைய நியாயமான அச்சம் ஒன்று இன்றைக்கும் பொருந்தாமல் தொற்றிக்கொண்டிருக்கிறது. எண்கள் சரியாக வந்தாலும், ஒவ்வொன்றையும் மின்னழுத்தமாக்கும் கணம் முன்னே பின்னே தள்ளாடினால் அலை உருமாறும். தாளம் தப்பாத பாட்டுக்குத் தள்ளாடும் கஞ்சிரா வாசித்தது போல. இதற்கு ஜிட்டர் என்று பெயர். 1980களில் சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்பிடிஐஎஃப் இணைப்பில், அதாவது இன்றைய கோஆக்ஸியல் என்ற செம்பு வயரிலும் ஆப்டிகலிலும், எண்ணும் தாளமும் ஒரே ஓட்டத்தில் பின்னிப் பிணைந்து போகின்றன. அனுப்பும் கருவிதான் தாளம் போடுகிறது. வாங்கும் டாக் அந்த ஓட்டத்திலிருந்தே தாளத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். கேபிளில் அலையின் விளிம்பு மழுங்கினால் தாளமும் கொஞ்சம் மழுங்கும். அன்றைய சில்லுகள் இதை அரைகுறையாகத்தான் சமாளித்தன.

யுஎஸ்பியின் கெட்ட பெயரும் இப்படி வந்ததுதான். பழைய யுஎஸ்பி ஒலி முறையில் கணினி ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பும். 44,100-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 44.1 வருகிறது, பத்தில் ஒரு மாதிரியை அனுப்ப முடியாதே. அதனால் ஒன்பது பொட்டலத்தில் 44 மாதிரிகள், பத்தாவதில் 45. டாக் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். 2000களின் மலிவான யுஎஸ்பி டாக்குகளை அளந்தால், ஒலிக்கு இரு பக்கமும் 1 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் குட்டிக் குட்டி முட்கள் தெரிந்தது இதனால்தான்.

பிறகு வந்த ஏற்பாட்டில் ஆட்சி கைமாறியது. டாக்கின் உள்ளே இருக்கும் படிகக் கடிகாரமே தாளம் போடும். “எனக்கு இப்போது கொஞ்சம் அதிகம் வேண்டும், இப்போது குறைவு” என்று டாக் கணினியிடம் சொல்லும். கணினி அதற்கேற்ப அனுப்பும். இதைத்தான் பெட்டிமேல் ‘அசின்க்ரனஸ்’ என்று எழுதுகிறார்கள். இந்த முறையில் கேபிள் நேரத்தைச் சுமப்பதே இல்லை. இன்று விற்கும் டாக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு தள்ளாட்டம் காதில் விழும்? காகிதக் கணக்கு மிகக் கறாரானது: 20 கிலோஹெர்ட்ஸ் அலை முழு வீச்சில் இருந்து, 16 பிட் நுணுக்கமும் கெடக்கூடாது என்றால், தோராயமாக 120 பைக்கோசெகண்டுக்குள் (ஆயிரம் பைக்கோசெகண்ட் ஒரு நானோசெகண்ட்) இருக்க வேண்டும். விற்பனைத் தாள்களில் வருவது இந்தக் கணக்கு. ஆனால் எந்தப் பாட்டிலும் 20 கிலோஹெர்ட்ஸ் முழு வீச்சில் இருப்பதில்லை. ஆளை உட்காரவைத்துச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். டால்பி நிறுவனத்தில் பெஞ்சமின், கேனன் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மிக எளிதில் காட்டிக்கொடுக்கும் இசையிலும் தள்ளாட்டம் காதில் விழச் சுமார் 20 நானோசெகண்ட் தேவைப்பட்டது. 2005-ல் ஜப்பானில் அஷிஹாரா குழு பயிற்சி பெற்ற காதுகளை வைத்துச் செய்த சோதனையில் சில நூறு நானோசெகண்ட். இன்றைய சாதாரண டாக்கில் ஜிட்டர் ஒரு நானோசெகண்டுக்கும் கீழே. அதாவது வெளிச்சம் ஒரு முழம்கூட நகராத நேரம்.

இதற்கு ஒரு பழைய வேடிக்கைக் கதை துணை நிற்கும். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் முதல் சிடி பிளேயரில் இரண்டு தடத்துக்கும் சேர்த்து ஒரே டாக் சில்லு. அது இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி வேலை செய்யும். அதனால் ஒரு தடம் மற்றதைவிட எப்போதும் சுமார் 11 மைக்ரோசெகண்ட், அதாவது 11,000 நானோசெகண்ட், பின்தங்கியே இருந்தது. கேட்கப் பயங்கரமாக இருக்கிறது, இல்லையா? அந்த நேரத்தில் ஒலி காற்றில் கடக்கும் தூரம் 4 மில்லிமீட்டர். தலையை லேசாகத் திருப்பினாலே அதைவிட அதிகம் மாறும். (நிலையான தாமதமும் தள்ளாட்டமும் ஒன்றல்ல என்பது தெரியும். நானோசெகண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பர்ஸைத் திறக்காமல் இருக்க இந்த அளவுகோல் உதவும்.)

மூன்றாவது அழுக்கு. உங்கள் “கிர்ர்” இங்கேதான் குடியிருக்கிறது.

யுஎஸ்பி கேபிளுக்குள் அடிப்படையில் நான்கு கம்பிகள்: தகவலுக்கு இரண்டு, 5 வோல்ட் ஒன்று, மின்னோட்டம் திரும்பும் பொதுக் கம்பியான கிரவுண்ட் ஒன்று. அந்த கிரவுண்ட் லேப்டாப்பின் கிரவுண்டை டாக்கின் கிரவுண்டோடு சேர்க்கிறது. டாக்கின் கிரவுண்ட் ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று வழியாக ஆம்போடு சேர்கிறது. ஆம்ப் மூன்று முள் பிளக்கில் இருந்தால் வீட்டு எர்த்தோடு சேர்கிறது. லேப்டாப் சார்ஜரும் மூன்று முள்ளாக இருந்தால் அதே எர்த் வழியாகத் திரும்ப லேப்டாப்புக்கு வந்துவிடுகிறது. ஒரு வட்டம் பூர்த்தி. லேப்டாப்பின் உள்ளே பிராசஸர் மூச்சு வாங்குவதும் விடுவதும் அந்த வட்டத்தில் சின்னச் சின்ன மின்னோட்டமாகச் சுற்றும். ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்றுக்கும் ஒரு சிறு மின்தடை உண்டு. அதன்மேல் ஒரு சிறு மின்னழுத்தம் விழும். ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கும். டாக் தரும் முழு வீச்சு 2 வோல்ட். அழுக்கு ஒரு மில்லிவோல்ட் என்றால் அது 66 டெசிபல் கீழே. பாட்டின் உச்சம் உங்கள் அறையில் 95 டெசிபல் என்றால் அழுக்கு 29 டெசிபலில் நிற்கும். பகலில் ஃபேன் சத்தத்தில் மறைந்துவிடும். ராத்திரி, எல்லோரும் தூங்கியபின், தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்தத் தொடக்கத்தில் கேட்டே தீரும்.

மவுஸை உருட்டும்போதோ, திரையில் ஏதாவது வேகமாக நகரும்போதோ “கிர்ர்” மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் சந்தேகமே இல்லை. அப்படி மாறாமல் “ம்ம்ம்” என்று ஒரே சீராக வந்தால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம், அல்லது அதன் மடங்கு. 5 கட்டைச் சுருதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் தம்புரா மாதிரி. எந்தப் பாட்டோடும் சேராது.

இந்த வட்டம் வேறு வழியிலும் பூர்த்தியாகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் டிவியை ஆம்போடு சேர்த்த நாளிலிருந்து ஹம். ஆம்ப் விற்ற கடை ஆளை அனுப்பியது, அவர் ஆம்பைச் சந்தேகித்தார், டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற எஸ்டிமேட் போட்டார். நான் போய்ச் செய்தது ஒன்றே: செட்-டாப் பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் டிவி வயரைத் திருகி எடுத்தேன். ஹம் செத்தது. தெருக் கம்பத்திலிருந்து பத்து மாடி தாவி வரும் அந்த வயரின் வெளிச்சுற்றுக்கும் வீட்டு எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம். நம் ஊரில் அந்த வயரைத் தொட்டுச் சுரீர் என்று ஷாக் வாங்காதவர் குறைவு. அதுவே ஸ்பீக்கரில் பாடியது. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவில் இருந்த ஆர்சிஏவை எடுத்துவிட்டு ஆப்டிகல் போட்டதும் வேலை முடிந்தது.

இப்போது ஆப்டிகல் நண்பரின் கட்சியை எடுத்துப் பாருங்கள். 1983-ல் தோஷிபா தன் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்த இணைப்பு அது. பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சம் போகிறது. மூன்றில் எண் யுஎஸ்பியில் போவது போலவே போகும். நேரம் யுஎஸ்பியைவிடச் சற்று மோசமாகவே போகலாம், ஆனால் காதில் விழும் அளவுக்கு இல்லை. அழுக்கு மட்டும் போகவே போகாது, ஏனென்றால் நடுவில் செம்பு இல்லை. அதனால் யுஎஸ்பியில் கிர்ர் இருக்கும் வீட்டில் ஆப்டிகல் இனிமையாகத்தான் இருக்கும். கிர்ர் இல்லாத வீட்டில் இரண்டும் ஒன்று. நண்பர் இனிமையைக் கேட்டது நிஜம்; அதை ‘வறட்சி’, ‘ஈரம்’ என்று சொன்னதுதான் வழியைத் தவற விட்டது. ஆப்டிகலில் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் சில கருவிகளில் ஒலி அறுபடும். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

6,000 ரூபாய்க் கேபிள் இதில் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. யுஎஸ்பி வேலை செய்ய கிரவுண்ட் இணைந்தே ஆக வேண்டும். வெள்ளி முலாம் பூசினாலும் வட்டம் வட்டம்தான்.

கடையில் விலகிய திரைக்கு வருகிறேன். அந்த டாக்கை அங்கே எக்ஸ்எல்ஆர் வயரில் (ஒரே ஒலியை இரண்டு கம்பியில் அனுப்பும் இணைப்பு) ஆம்போடு சேர்த்திருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான டாக்குகள் ஆர்சிஏவில் 2 வோல்ட் தரும். எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட். இரண்டு மடங்கு வோல்ட் என்றால் 6 டெசிபல் அதிகம். வால்யூம் குமிழைத் தொடாமல் ஒன்றை எடுத்து மற்றதைச் சொருகினால் சத்தம் கூடும். 6 டெசிபல் கூடினால் யாருக்கும் தெரியும், “சத்தம் அதிகம்” என்றுதான் சொல்வார்கள். குமிழைக் காதளவில் திருகிச் சரிசெய்தபின்னும் மிஞ்சும் அரை டெசிபல், ஒரு டெசிபலில்தான் விஷமே இருக்கிறது. அந்த அளவில் சத்தம் கூடியதாகக் காது சொல்லாது; தெளிவு கூடியது, ஆழம் கூடியது, திரை விலகியது என்று சொல்லும். கடைக்காரரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, அவர் காதும் அதையேதான் சொல்லியிருக்கும். எக்ஸ்எல்ஆருக்கு ஒரு நிஜமான சிறப்பும் உண்டு: இரண்டு கம்பியிலும் பொதுவாக வரும் அழுக்கை ஆம்ப் கழித்துவிடும். ஆக அந்தக் கடையில் உங்கள் கிர்ரும் இருந்திருக்காது. இந்த இரண்டும் சேர்ந்தால் 36,000 ரூபாய் வித்தியாசம் ரொம்ப நியாயமாகவே தோன்றும்.

சரி, டாக் சில்லுக்கும் சில்லுக்கும் வித்தியாசமே இல்லையா? ஒரு காலத்தில் இருந்தது. 16 பிட் என்றால் 65,536 படிகள். மின்தடைகளை ஏணி போல அடுக்கி இந்தப் படிகளைச் செய்ய வேண்டுமானால், பெரிய படியின் பிழை மிகச் சிறிய படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதாவது 0.0015 சதவீதத் துல்லியம். கடையில் நல்லது என்று கேட்டு வாங்கும் மின்தடை 1 சதவீதம். அதனால் பிலிப்ஸ் தன் முதல் பிளேயர்களில் 14 பிட் சில்லையே வைத்து, மாதிரி வேகத்தை நான்கு மடங்காக்கி, பிழையை மேல் அலைவரிசைக்குத் தள்ளிவிட்டு 16 பிட்டுக்குக் கிட்டத்தட்ட ஈடுகட்டியது. வேகத்தைக் கூட்டிப் படிகளைக் குறைக்கும் அந்தத் தந்திரம்தான் வளர்ந்து வளர்ந்து இன்றைய சில்லாகியிருக்கிறது. இப்போது ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற குட்டி யுஎஸ்பி-சி ஹெட்போன் வாலிலேயே (போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் சொருகும் குட்டி டாக்) இரைச்சலும் திரிபும் சேர்ந்து பாட்டுக்குச் சுமார் 99 டெசிபல் கீழே இருக்கின்றன. சிடியின் வீச்சே 96 டெசிபல். மின்விசிறி ஓடும் நம் வீட்டு அறையில் அமைதி என்பதே 40 டெசிபலுக்கு மேல்.

2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சில்லு ஆலை எரிந்தது. டாக் தயாரித்த பல நிறுவனங்கள் அவசரம் அவசரமாக வேறு நிறுவனச் சில்லுக்கு மாறின. ‘ஏகேஎம் என்றால் பட்டு, ஈஎஸ்எஸ் என்றால் கண்ணாடி’ என்று சில்லு நிறுவனத்தின் பெயரை வைத்தே அதுவரை ஒலியைப் பற்றிப் பேசியவர்களுக்கு அது சங்கடமான காலம்.

பெட்டிக்குப் பெட்டி நிஜமாகவே வேறுபடுவது சில்லைச் சுற்றி இருப்பவற்றில். சில டாக்குகளில் படிப்படியாக வரும் அலையை வழவழப்பாக்கும் வடிகட்டியே இருக்காது, வேண்டுமென்றே. அவை 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் இழக்கும்; மேல் ஒலி லேசாக மங்கும்; அதை ‘பழைய ரெக்கார்டு இதம்’ என்று ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், ரசிக்கட்டும். ஹெட்போன் கேட்பவர்களுக்கு வெளியீட்டு மின்தடை முக்கியம். 16 ஓம் காதொலிப்பானை 10 ஓம் வெளியீட்டில் சொருகினால் அதன் ஒலி வளைவே மாறும். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 300 ஓம் ஹெட்போனுக்கு ஒரு வோல்ட் வால் போதாது. அதே ஆப்பிள் வாலை ஆண்ட்ராய்டு போனில் சொருகினால் பல போன்களில் சத்தம் பாதிதான் வரும். அது வால்யூம் கட்டுப்பாட்டுச் சிக்கல், தரச் சிக்கல் இல்லை. 200 ரூபாய்க்கு வரும் பெயரில்லாத யுஎஸ்பி குச்சிகளையும், எச்டிஎம்ஐயிலிருந்து ஒலி பிரிக்கும் மலிவுப் பெட்டிகளையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றில் சில நிஜமாகவே மோசம். கேட்டாலே தெரியும்.

“காதுதான் முடிவு செய்ய வேண்டும், மீட்டர் அல்ல” என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காதையே கேட்போம், கண்ணைக் கட்டிவிட்டு. 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் இருவரும் எஸ்ஏசிடி என்ற, சிடியைவிட உயர்தரமான வட்டின் இசையை நேராக ஒருமுறை, நடுவில் சிடி தரத்துக்கு எண்ணாக்கித் திரும்ப ஒலியாக்கி ஒருமுறை கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 276. நாணயம் சுண்டியிருந்தாலும் அதுதான். காதைப் பிளக்கும் அளவுக்கு வால்யூமைக் கூட்டியபோது மட்டும் பின்னணி இரைச்சல் காட்டிக்கொடுத்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2016-ல் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளை, 12,500-க்கு மேற்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உயர்தர ஒலியைச் சரியாக அடையாளம் கண்டது 52.3 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடியது. ஆக வித்தியாசம் பூஜ்யம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் திரை விலகும் வித்தியாசம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறாவது வந்திருக்க வேண்டும்.

நீங்களே செய்து பார்க்கலாம். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, சாதாரண மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் இரண்டு டாக்குக்கும் வோல்ட் அளந்து சமப்படுத்துங்கள். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் 0.1 டெசிபலுக்குள் வந்துவிட்டீர்கள். குறைந்த அலைவரிசை ஏனென்றால் மலிவு மீட்டர்கள் அங்கேதான் உண்மை பேசும். பிறகு வீட்டில் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் நாணயம் சுண்டி மாற்றட்டும். 16 முறை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்க எனக்கு வாய் வராது. போய் 45,000 ரூபாய் டாக்கை வாங்குங்கள். இந்தச் சோதனையில் நானே இரண்டு முறை கவிழ்ந்திருக்கிறேன், அதுவும் எனக்கு மிகப் பிடித்த டாக்கை வைத்து.

இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைத்தான் அதிகம் கேட்பதாகச் சொல்கிறீர்கள். அவை அனலாக் டேப்பில் பிறந்தவை. டேப்பின் இரைச்சலே எந்த டாக்கின் இரைச்சலையும் பல மடங்கு விழுங்கிவிடும். அதே பாட்டின் பழைய சிடி பதிப்பையும், பிற்பாடு சத்தத்தை ஏற்றி அமுக்கி வெளியிட்ட பதிப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கண்ணைக் கட்டினாலும் 16-க்கு 16 சொல்வீர்கள். எனக்கு 36,000 ரூபாய் கிடைத்தால் பாதியைப் பழைய சிடி தேடுவதிலும், மீதியை ஸ்பீக்கர் ஸ்டாண்டிலும், ஜன்னலுக்குக் கனத்த திரையிலும் போடுவேன்.

கிர்ருக்கு இன்று ராத்திரியே செய்ய வேண்டியது இது. பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, லேப்டாப் சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் வட்டம் அங்கேதான். அடுத்து சார்ஜரையும் ஆம்பையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகிப் பாருங்கள். பல வீடுகளில் இதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால், கிரவுண்டைப் பிரித்துவைக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று. மலிவானவற்றில் 12 மெகாபிட் வேகம்தான், சில டாக்குகள் அதில் உயிர் பெறாது. திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள். யாராவது ஆம்பின் எர்த் முள்ளை உடைத்துவிடு, ஹம் போய்விடும் என்பார்கள். போகும்தான். ஆம்புக்குள் ஒரு வயர் அறுந்து பெட்டியைத் தொட்ட அன்றைக்கு ஆளும் போய்விடுவார். அதை மட்டும் செய்யாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால், வேறு என்னென்ன ஆம்போடு இணைந்திருக்கிறது, டிவி வயர் உண்டா என்று எழுதுங்கள்.